முப்பதாம் தேதி வரை வந்துவிட்ட மகள்

என்னங்க,

வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தால் வருகைப் பதிவேடு கட்டாயம் என்பது சட்டம். அதைச் சரிபார்க்க அதிகாரி பத்து மணிக்கு வருகிறார். நீங்களோ, வாத்தியாரே, பன்னிரண்டாம் தேதியான இன்றே முப்பது வரை “வந்தாள்” என்று எழுதி முடித்துவிட்டீர்கள். ஜோசியமா பார்க்கிறீர்கள்?

வீட்டில் படிக்கும் அனுமதி போனால் மகளுக்கு மறுபடி, அவள் அழுதுகொண்டே போன அந்தப் பள்ளிக்கூடம்தான். அந்தப் பயத்தில் அவள் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. பதிவேட்டை அழித்துத் திருத்தாதீர்கள். உண்மையைச் சொல்லி அவள் நோட்டுகளைக் காட்டுங்கள். சோறு அடுப்பின் மேல் இருக்கிறது.

பி.கு.: மாடிவீட்டு அக்காவிடம் இதைச் சிரிப்புக்காகச் சொன்னது நான்தான். “யாருகிட்டயும் மூச்சு விடமாட்டேன்டி” என்றாள். அந்த அதிகாரி அவள் தம்பியாம், காலையில்தான் தெரிந்தது! தெருவில் யாருக்கு யார் என்ன உறவு என்று விரல்நுனியில் வைத்திருக்கும் எனக்கு, இது ஒன்று தெரியாமல் போயிற்று. திட்டுவதானால் சாயங்காலம், மகள் காதில் விழாமல்.