ஊற்று நிலத்துக்கு என் கையெழுத்து

1773, மார்ச் 4

காலையிலிருந்து மழை. வெண்ணெய் பதினொரு பவுண்டு திரண்டது. சாயங்காலம் எஃப்ராயிம் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தார். அவர் அப்படி வந்தாலே என்னைக் கேட்காமல் ஏதோ செய்திருக்கிறார் என்று அர்த்தம். ஊற்று நிலத்தை மாவு மில்காரர் ஓவன் ரீஸுக்கு விற்றாயிற்றாம். வரும் பணத்தைப் புதிதாக வரும் இரும்பு உருக்கும் உலையில் பங்காகப் போடப்போகிறாராம்.

என் அப்பா உயிலில் என் பேருக்கு எழுதிவைத்த நிலம். விற்ற பிறகு எனக்குச் சொல்கிறார் என் புருஷன்.

மார்ச் 9

ரீஸின் வக்கீல் பத்திரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் சட்டம் மாறியிருக்கிறது. மனைவியின் நிலமென்றால், புருஷனை வெளியே அனுப்பிவிட்டு நீதிபதி அவளைத் தனியாக விசாரிக்க வேண்டும் – மனசார ஒப்புகிறாயா, யாராவது மிரட்டினார்களா என்று. எஃப்ராயிம் தன் அப்பா காலத்துப் பத்திரத்தைப் பார்த்து எழுதி, தன் கையெழுத்தை மட்டும் போட்டிருக்கிறார்.

"அது சும்மா ஒரு சடங்கு. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிடு" என்றார். நான் பன்றிக்கறியை நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 10

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 14

தேவாலயம் முடிந்து எஃப்ராயிமின் அக்கா மார்ஜரி எங்கள் கூடவே வீட்டுக்கு வந்தார். தூது.

"போன வருஷம் என்கிட்டயும் நீதிபதி வந்தாருடி. கையெழுத்துப் போட்டேன், எடுத்துக்கிட்டுப் போனாரு. என்ன குறைஞ்சு போச்சு எனக்கு?"

"அந்த நிலத்துல இப்ப யாரு உழறாங்க அக்கா?"

தேநீரை முடிக்காமலே எழுந்து போனார்.

மார்ச் 19

"உன் வெண்ணெய்ப் பானைக்காக நான் சாகற வரைக்கும் கலப்பை பிடிக்கணுமா?" என்று எஃப்ராயிம் கத்தினார். கெட்ட மனுஷர் இல்லை. முதுகுவலியில் அவர் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் ஆகஸ்டு வெயிலில் பால் கெடாமல் நிற்பது, குளிர்ந்த ஊற்றுநீரின் மேல் அப்பா கட்டிய கல்வீட்டில் மட்டும்தான். பிலடெல்பியாவுக்குப் போகும் என் வெண்ணெயில்தான் இந்த வீட்டுக்கு உப்பும் துணியும் வருகின்றன. உலை படுத்துவிட்டால் நான் எங்கே போய் நிற்பேன்?

பயமாகத்தான் இருக்கிறது. இருந்தால் என்ன – பயந்துகொண்டே மாட்டேன்னு சொல்லக்கூடாதா?

மார்ச் 26

நீதிபதி டில்வின் வந்தார். எஃப்ராயிமைத் தொழுவத்துக்கு அனுப்பினார். கதவைச் சாத்தினேன். நாங்கள் இரண்டு பேர்தான். பத்திரத்தை மேசையில் விரித்து, இறகுப் பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

"இங்க போடும்மா."

அடியில் ஏற்கனவே எழுதியிருந்தது: 'தனியே விசாரித்தேன். எந்தக் கட்டாயமும் இன்றி மனசார ஒப்புக்கொண்டாள்.' மை நன்றாகக் காய்ந்திருந்தது.

"நீங்க இன்னும் என்னைக் கேக்கலையே ஐயா."

"எதை?"

"சட்டம் கேக்கச் சொன்னதை."

"பதினாலு மைல் குதிரைல வந்திருக்கேன்மா. எல்லாப் பொம்பளைங்களும் ஆமான்னுதான் சொல்றாங்க. அதான் கிளம்பும்போதே எழுதி எடுத்துக்கறேன்."

"இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. கேட்டுட்டே போங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சட்டத்தில் உள்ளபடி ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். பேனாவை அவர் பக்கமே திருப்பி நகர்த்தினேன்.

"இல்லை. எனக்குச் சம்மதம் இல்லை."

காய்ந்த வரியின் மேல் குறுக்கே கோடு போட்டார். பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 27

எஃப்ராயிம் ராத்திரி தொழுவத்திலேயே படுத்தார். படுக்கட்டும்.

ஏப்ரல் 6

மார்ஜரி அக்கா சேற்றில் நடந்தே வந்தார். இந்தத் தடவை யாரும் அனுப்பவில்லை.

"இல்லைன்னு சொன்னா என்னடி பண்றாங்க?"

"கோடு போட்டு அடிச்சுட்டுப் போயிடறாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அக்கா."

"என்னையும் அந்த நீதிபதி கேக்கவே இல்லடி" என்றார். அழுதார். நானும்தான்.

ஏப்ரல் 15

கல்வீட்டில் பாலாடை எடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் எஃப்ராயிம், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் இந்த வாசலுக்கு வந்ததே இல்லை. ரீஸ் தன் மில்லுக்கு வேறு ஓடையில் இடம் பார்த்துவிட்டாராம். அதைச் சொல்லிவிட்டும் போகாமல் நின்றார்.

"ஊத்துக்குக் கீழ இருக்கற வயல்ல இந்த வருஷம் பார்லி போடலாமா, மக்காச்சோளமா? உன் நிலம். அதான் கேட்டுக்கலாம்னு."

மக்காச்சோளம்தான். நேற்றே மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டேன்.

"யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.