படிவத்தின் கடைசி வரி

லா பாஸ், இலோய்லோ
ஆகஸ்ட் 18

அன்புள்ள இந்தாய் மரிவெலுக்கு,

டீச்சர் பெர்லி எழுதுவது. எப்போதும் போல உன்னைத் தங்கை முறையில் இந்தாய் என்றே கூப்பிடுகிறேன். நீயும் மகள் யான்யானும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் நலம். உன் பழைய கைபேசி எண் வேலை செய்யவில்லை, அது சரிதான். பெண்கள் உதவி இல்லத்து வக்கீல் அம்மா இந்தக் கடிதத்தை உன்னிடம் சேர்ப்பதாகச் சொன்னார். உன் விலாசத்தை நான் கேட்கவில்லை. கேட்டாலும் தரமாட்டேன் என்று அவரே முதலில் சொல்லிவிட்டார்.

யான்யான் எங்கள் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுப்போன சாமான்களை இத்துடன் அனுப்புகிறேன். மஞ்சள் மழைக்கோட்டு, பெயர் எழுதிய குவளை, மாற்றுத்துணி இரண்டு. ஜூலை மாதக் காய்கறி ஊர்வலத்துக்காக அவள் செய்த கத்தரிக்காய்த் தொப்பியும் இருக்கிறது. காம்பு பிய்ந்திருந்தது, நம் ஆயா நெனிங் ஒட்டிவிட்டாள். ஊர்வலம் நீங்கள் போன மறுவாரம் நடந்தது. பிள்ளைகள் சந்தை வரை போய்த் திரும்பினார்கள். பூசணிக்காரி ஒருத்தி எல்லோருக்கும் வாழைப்பழம் கொடுத்தாள். மழை வரவில்லை.

அந்த வியாழக்கிழமை பின்கேட்டிலிருந்து யான்யானோடு நீ தப்பிப் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். முச்சக்கர வண்டிக்காரர்கள் போலீஸ் வரும்வரை உன் புருஷன் ரோடெலை விடவில்லை. அவனைத் துடைப்பக்கட்டையால் அடித்ததில் நெனிங்குக்கு மணிக்கட்டு வீங்கி ஒரு வாரம் பிள்ளைகளைத் தூக்க முடியவில்லை. எழுதிவாங்க வந்த போலீஸ்காரரிடம், "புருஷனா இருந்தா என்ன சார்? எங்க கேட்டுகிட்ட நின்னுக்கிட்டு ஒரு பொம்பள முடியப் பிடிச்சு இழுப்பானா? அடிச்சது பத்தலன்னு எழுதிக்கோங்க" என்றாள். அவர் அதை எழுதவில்லை. ரோடெலை இரண்டு நாள் வைத்திருந்து விட்டுவிட்டார்கள். அதன்பின் ஒருநாள் கால்வாய்க்கு அந்தப் பக்கம் நின்றான். பிறகு தன் ஊரான செபுவுக்கே போய்விட்டதாகக் கேள்வி.

சேர்க்கைக்காகக் கட்டிய விளம்பரப் பேனரை அன்றைக்கே இறக்கிவிட்டோம். மே மாதப் பூ ஊர்வலத்தில் யான்யான் கூடையோடு நிமிர்ந்து பார்த்த படம். கன்னத்தில் ஒரு இதழ் ஒட்டியிருந்தது. என் தம்பி டெல்ஃபின்தான் எடுத்தான். "அக்கா, இந்த ஒரு படம் போதும் மனாங். இதப் பாத்துட்டு எந்த அம்மா நிக்காமப் போவா?" என்றான். ஜீப்னி வண்டி நிறுத்தத்தில் ஆள் உயரத்துக்குக் கட்டினோம்; ஃபேஸ்புக் பக்கத்திலும் போட்டோம். ஜூன் சேர்க்கையில் பதினெட்டுப் பிள்ளைகள் முப்பத்தொன்று ஆனார்கள். படம் செபு வரைக்கும் போகும் என்று நாங்கள் நினைக்கவில்லை. இப்போது அந்த பேனர் மணல் தொட்டியை மூடக் கிடக்கிறது. முகம் கீழே இருக்கும்படிதான் நெனிங் போடுவாள்.

நீ வேலை முடிந்து வரும் நேரமும், பின்கேட் வழியாக வருவதும் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று போலீஸ் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

மற்றபடி வேலை எப்போதும் போல. மொழி வாரம் வந்தது. பிள்ளைகள் அந்தக்கால உடையில் வந்து பாட்டுப் பாடினார்கள். அவரவர் பிள்ளையை மட்டும் படம் எடுங்கள் என்று தாய்மார்களிடம் சொன்னேன். "எம் பொண்ணு கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற பையனை நான் எங்க டீச்சர் வெட்டிப் போடறது?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஆண்டவர் உங்கள் இருவர் கூடவும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
டீச்சர் பெர்லி

* * *

லா பாஸ்
நவம்பர் 24

அன்புள்ள இந்தாய் மரிவெலுக்கு,

நலம். உன் நலத்தை வேண்டுகிறேன். சாமான்கள் கிடைத்ததாக வக்கீல் அம்மா சொன்னார். யான்யான் கத்தரிக்காய்த் தொப்பியைப் போட்டுப் பார்த்தாள் என்றும் சொன்னார்.

இங்கே நவம்பர் முதல் வாரத்தில் பெருமழை. கால்வாய் உடைத்துக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்தது. தூங்கும் பாய்கள், நிறக்காகிதம், என் மேசையின் கீழ் இழுப்பறை எல்லாம் போயிற்று. பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. அன்றைக்கு ஏழு பேரைக் கூட்டிப்போக யாராலும் வர முடியவில்லை. இரவுச் சாப்பாடாக மேசை மேல் உட்காரவைத்து பச்சோய் நூடுல்ஸ் ஊட்டினோம். அதிலிருந்து ஒரு யோசனை வந்தது. "மழை நாளில் எவ்வளவு நேரம் ஆனாலும் பிள்ளையை வைத்திருப்போம், கூடுதல் கட்டணம் இல்லை" என்று ஒரு அட்டையில் கையால் எழுதி ஜீப்னி நிறுத்தத்தில் ஒட்டினோம். அதைப் பார்த்து நான்கு தாய்மார்கள் வந்தார்கள், எல்லோரும் துணிக்கடையில் வேலை செய்பவர்கள். சனிக்கிழமை காலையில் யார் வேண்டுமானாலும் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம் என்றும் வைத்திருக்கிறோம். கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்குகளில் இந்த வருடம் பிள்ளைகளின் முகம் இல்லை, கை அச்சு மட்டும். டெல்ஃபினுக்கு அது பிடிக்கவில்லை. "கையப் பாத்தா அது எந்தப் புள்ளன்னு யாருக்குத் தெரியும்?" என்றான். யாருக்கும் தெரிய வேண்டாம் என்றேன்.

முதல் கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டேன்.

அந்த வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு ரோடெல் என்னைப் பார்க்க வந்தான். மதியத் தூக்க நேரம். கையில் ஒரு பெட்டி பிஸ்கோச்சோ ரொட்டி. உள்ளே வரக்கூடக் கேட்கவில்லை, வாசலிலேயே நின்றான். "நான் மரிவெலோட அண்ணன் டீச்சர். செபுலேர்ந்து கப்பல்ல வந்தேன். பாத்து ரெண்டு வருஷமாச்சு. சொல்லாம கொள்ளாம போய் நின்னா எப்படி முழிப்பான்னு பாக்கணும்" என்று சிரித்தான். யான்யானின் புருவம் அவன் முகத்தில் இருந்தது. உறவுதான் என்று நம்ப எனக்கு அது போதுமாக இருந்தது. "பேக்கரி வேலை முடிஞ்சு அஞ்சேகாலுக்கு வருவா. முன்பக்கம் வரமாட்டா, கால்வாய் ஓரமா பின்கேட்டுக்கு வருவா. அங்க நின்னா நல்லா பயந்துடுவா" என்று நான்தான் சொன்னேன். நானும் சிரித்தேன்.

அந்த ரொட்டியைப் பிள்ளைகள் எழுந்ததும் பங்கிட்டுக் கொடுத்தேன். யான்யானும் ஒன்று தின்றாள்.

போலீஸிடம் தெரியாது என்று சொன்னது இதைத்தான்.

போன வாரம் வக்கீல் அம்மா வந்திருந்தார். உன்னை அவன் நெருங்கக் கூடாது என்று நீ கேட்டிருக்கும் வழக்கில், நீயே அவனைக் கூப்பிட்டாய் என்றும், மகளைப் பார்க்க மட்டும்தான் வந்தான் என்றும் அவன் எழுதிக் கொடுத்திருக்கிறானாம். யான்யானின் சேர்க்கைப் படிவம் இருக்கிறதா என்று கேட்டார். தேடித் தருகிறேன் என்றேன். அவர் போனதும் எடுத்துப் பார்த்தேன். படிவங்கள் மேல் அலமாரியில் இருந்ததால் நனையவில்லை.

கடைசியில், காலியாக இருந்த இடத்தில், உன் கையெழுத்தில் இருக்கிறது: "தயவுசெய்து இவள் படத்தை எங்கும் போடாதீர்கள். என்னைத் தவிர யாரிடமும் இவளைப் பற்றிப் பேசாதீர்கள்." அதற்குக் கீழே என் கையெழுத்தும் முத்திரையும். அன்றைக்குப் பதினோரு படிவம் வந்தது. நான் பெயரையும் தடுப்பூசி விவரத்தையும் மட்டும் பார்த்தேன்.

வக்கீல் அம்மாவிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன் என்று எழுத ஆசை. இன்னும் செய்யவில்லை. டெல்ஃபினிடம் மட்டும் காட்டினேன். ஜனவரியில் எங்கள் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். இந்தத் தாள் வெளியே போனால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும். "தண்ணியில போச்சுன்னு சொல்லிட்டுப் போயேன் மனாங். பாதி ஊரு காயிதம் தண்ணியிலதான் போச்சு. யாரு வந்து உன்னக் கேக்கப் போறா?" என்றான். கெட்டவன் இல்லை. நெனிங்குக்கும் சமையல்காரிக்கும் வேறு வேலை கிடையாது என்பதையும் சேர்த்துத்தான் சொன்னான்.

அதற்குத்தான் உனக்கு எழுதுகிறேன். படிவம் காய்ந்தே இருக்கிறது. இதை நீ படித்துவிட்டால், நனைந்துவிட்டது என்று நான் பிறகு யாரிடமும் சொல்ல முடியாது. வக்கீல் அம்மாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு.

குளிர்காற்று வருகிறது. யான்யானுக்கு மார்புச்சளி பிடிக்கும். இஞ்சித் தண்ணீர் கொடு.

இப்படிக்கு,
டீச்சர் பெர்லி

* * *

லா பாஸ்
மார்ச் 30

அன்புள்ள இந்தாய் மரிவெலுக்கு,

நலம். பிப்ரவரியில் நீதிமன்றத்தில் உன்னைப் பார்த்தேன். எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்திருந்தாய். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாய். பேசுவதற்காக நான் வரவில்லை, நீயும் திரும்பவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

அவன் பக்கத்து வக்கீல் என்னிடம் கேட்டதை நீயும் கேட்டாய். "ஆக, போலீஸ்கிட்ட பொய் சொல்லியிருக்கீங்க. இப்ப சொல்றது மட்டும் உண்மைன்னு எப்படி நம்பறது?" பதில் எதையும் நான் தயார் செய்துகொண்டு போகவில்லை. "அப்ப பயந்து சொன்னேன் சார். இப்பவும் பயமாத்தான் இருக்கு" என்று வந்துவிட்டது. நீதிபதி படிவத்தை வாங்கி, கடைசி வரியைத் தானே ஒருமுறை சத்தமாக வாசித்தார். அந்த அறையில் உன் குரல் கேட்டது அப்போது ஒருமுறைதான், அதுவும் அவர் வாய் வழியாக. அவன் உங்கள் இருவரையும் நெருங்கக் கூடாது என்று உத்தரவானதும் நீ வக்கீல் அம்மாவோடு பக்கவாசல் வழியாகப் போனாய். நான் முன்வாசல் வழியாகப் போனேன்.

இங்கே நடந்ததையும் நீ அறிய வேண்டும். சாட்சி சொல்லப் போவதற்கு முன்பே பெற்றோரைக் கூட்டிச் சொல்லிவிட்டேன், பிறர் வாயால் கேட்க வேண்டாம் என்று. படத்தையும் சொன்னேன், ரொட்டிப் பெட்டியையும் சொன்னேன். பிறகு துணிக்கடைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "நாளைக்கு எவனாவது ஒருத்தன் பலகாரத்தோட வந்து எம் புள்ளையக் கேட்டா?" என்றாள். யார் கேட்டாலும் இனிச் சொல்ல மாட்டேன் என்றேன். "இதத்தானே முதல்லயே அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்துச்சு?" என்றாள். ஆமாம் என்றேன். அந்த வாரம் ஒன்பது பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். கேள்வி கேட்டவளின் பிள்ளை நிற்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. பிறகும் ஒவ்வொருவராக நின்றதில், இந்த வாரக் கணக்கில் மிச்சம் பதினைந்து பேர்.

அனுமதியை மூன்று வருடத்துக்குப் பதில் ஆறு மாதத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். சொல்லாமல் வந்து பார்ப்பார்கள். நியாயம்தான். பின்கேட்டைச் சுவர் வைத்து அடைத்துவிட்டோம். சேர்க்க வருபவர்களோடு உட்கார்ந்து படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாக வாசிக்கிறேன், காலி இடம் இருந்தால் இங்கே எழுத ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறேன். அரைமணி நேரம் ஆகிறது. "ஜெபமாலை சொல்ற மாதிரி இருக்கு டீச்சர், ஒண்ணு ரெண்டு பேரு தூங்கிடறாங்க" என்கிறாள் நெனிங். ஆனால் மூன்று தாய்மார்கள் எழுதினார்கள். என்ன எழுதினார்கள் என்பதை உனக்குக்கூடச் சொல்லக் கூடாது.

ஜனவரித் திருவிழாவுக்குப் பிள்ளைகள் பால்டின்னைத் தட்டிக்கொண்டு சந்தையைச் சுற்றி வந்தார்கள். எல்லோர் முகத்திலும் காகித முகமூடி. டெல்ஃபின் ஆசை தீரப் படம் எடுத்தான். சந்தைக்காரர்கள் இன்னொரு சுற்று வரச் சொன்னார்கள். கோடைக்கு, ஏப்ரல் மே மாதங்களில், பெரிய பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தண்ணீர் விளையாட்டும் பூக்கூடை பின்னலும் வைக்கலாம் என்றிருக்கிறோம். பள்ளி விடுமுறையில் அண்ணன் அக்காமார்களையும் எங்கே விடுவது என்று தவிக்கும் வீடுகள் நிறைய. அது நடந்தால் ஜூன் வரை தாங்கிவிடுவோம். நடக்காவிட்டால் வேறு ஏதாவது யோசிக்க வேண்டும்.

யான்யானை ஆரம்பப் பள்ளியில் சேர்க்கும்போது கேட்பார்கள் என்பதால் அவளுடைய சான்றிதழை வக்கீல் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். எண்கள் இருபது வரை தெரியும், நிறங்கள் எல்லாம் தெரியும், பகிர்ந்து சாப்பிடுவாள் என்று எழுதியிருக்கிறேன். அவள் எங்களிடம் இருந்தவரை இவை உண்மை.

நீதிமன்றத்தில் வாசித்த உங்கள் இல்லத்து அறிக்கையில் ஒரு வரி இருந்தது. குழந்தை மதியத்தில் செருப்பைக் கழற்ற விடுவதில்லை, எழுந்து ஓட வேண்டியிருக்கும் என்று காலோடு போட்டுக்கொண்டே படுக்கிறாள் என்று. இங்கே அவள்தான் எல்லோருக்கும் முன்னால் தூங்குபவள். அதற்குப் பிறகு வாசித்தவை என் காதில் சரியாக விழவில்லை.

நீ எனக்குப் பதில் எழுத வேண்டாம். எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிய வேண்டாம். வக்கீல் அம்மா மாதம் ஒருமுறை இந்தப் பக்கம் வருகிறார். இப்போது செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்குகிறாளா என்பதை மட்டும் அவரிடம் சொல்லி அனுப்பு. ஆம் என்றால் ஆம் என்று. இல்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லச் சொல். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆண்டவர் உன் வாசலைக் காக்கட்டும், இந்தாய்.

இப்படிக்கு,
பெர்லித்தா கும்பான்