புகை என்று எழுதினேன்

டிசம்பர் 9, செவ்வாய்

துவைத்த துணி இன்றும் காயவில்லை. அட்டுவம்பட்டி முழுக்கப் பனிமூட்டம். ஸ்வெட்டருக்கு மேல் இவருடைய ஜெர்கினையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து வேலை பார்த்தேன்.

சென்னையிலிருந்து எடிட்டர் தமிழ்மதி கேட்டிருந்த கட்டுரை: குளிருக்காக அறைக்குள் நெருப்பு வைத்துக்கொண்டு தூங்குவதில் உள்ள ஆபத்து. டாக்டர் ஒருவர் குறிப்பு எழுதித் தந்திருக்கிறார். அதை எளிய தமிழாக்கி அவர்களுடைய இணையதளத்துக்குக் கொடுப்பதுதான் என் வேலை. தமிழ்மதியிடம் சட்டம் ஒன்றே ஒன்று. "பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவங்க போன்ல படிச்சா, ஒரே மூச்சுல புரியணும் தமயந்தி."

டாக்டரின் குறிப்பில் வரிக்கு வரி கார்பன் மோனாக்சைடு. யார் வாயில் நுழையும்? அதை எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் புகை என்று போட்டேன். 'மூடிய அறையில் புகை உயிரைக் குடிக்கும். புகை வரும் நெருப்பைப் படுக்கும் அறையில் வைக்காதீர்கள்.' தலைவலி, வாந்தி என்று அறிகுறிகள் பற்றி ஒரு பத்தி இருந்தது. நீளம் கருதி அடுத்த கட்டுரைக்கு ஒதுக்கிவிட்டேன். வாசித்துப் பார்த்தால் தடங்கலே இல்லை. எனக்கே என்மேல் கொஞ்சம் கர்வம்தான்.

டிசம்பர் 11, வியாழன்

கட்டுரை வந்துவிட்டது. யாரோ அதைப் படமாக்கி வாட்ஸ்அப்பில் விட்டிருக்கிறார்கள். எங்கே பார்த்தாலும் அதுதான்.

இவர் மதுரை ஏர்போர்ட்டிலிருந்து சவாரி ஏற்றி வந்தபோது, வண்டியில் இருந்தவர்களே அதைக் காட்டினார்களாம். "எழுதுனது எங்க வீட்டுக்காரின்னேன். ஒருத்தனும் நம்பல. டிரைவர் பொண்டாட்டி அடுப்பப் பத்தித்தான் எழுதுவா, கட்டுரையா எழுதுவான்னு நெனச்சிருப்பானுக" என்று சிரித்தார். "அதுவும் அடுப்பப் பத்தினதுதான்" என்றேன்.

கிளாவரையில் இருக்கும் தன் அக்கா ராஜகுமாரிக்கும் அனுப்பியிருக்கிறார். மதினி வீட்டில் அவர் மகள் பிரியா பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள். இங்கேயே இந்தக் குளிர் என்றால் அங்கே கேட்கவே வேண்டாம்.

டிசம்பர் 12, வெள்ளி

யாரெல்லாம் பாராட்டியிருக்கிறார்கள் என்று போனைத் திறந்து திறந்து பார்த்ததில் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

டிசம்பர் 14, ஞாயிறு. காலை

கிளாவரைக்குப் பஸ் பிடிக்க மூஞ்சிக்கல்லில் நிற்கிறேன்.

மதினி குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். நேற்று ராத்திரி பேசியது, இன்று காலைதான் வந்து சேர்ந்தது. "தமயந்தி, நீ எழுதுனதப் பிரியா வாசிச்சா. எனக்கே நல்லா வெளங்குச்சு. வெறகத் தூக்கி வெளிய போட்டாச்சு. இப்ப நல்லாக் கனிஞ்ச கரிய மட்டும் சட்டியில அள்ளி வச்சுக்கிறோம். துளிப் புகை இல்ல, பிள்ளைக்குக் கண்ணு எரியல. பிரியாவுக்குத்தேன் தல பாரமாக் கெடக்கு, வாந்தி வேற. பனி தலையில எறங்கியிருக்கும்."

தலை பாரம். வாந்தி. டாக்டரின் குறிப்பில் முதலில் இருந்ததே அதுதான். நான் ஒதுக்கிவைத்த பத்தி.

கனிந்த கரியில் புகை இருக்காது. ஆனால் அந்தக் கார்பன் மோனாக்சைடு விஷவாயு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. டாக்டர் இதைத்தான் எழுதியிருந்தார். நான்தான், நான்தான் புகை புகைன்னு மாத்துனேன். ஐயோ, நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்?

கூப்பிட்டுப் பார்த்தேன், லைனே போகவில்லை. அங்கே டவர் போனால் போனதுதான். இவர் மதுரையில் இருக்கிறார். பஸ்ஸுக்கு இன்னும் நேரமாகும். காய்கறி ஏற்றக் காலி பிக்கப் ஒன்று கிளாவரைக்குப் போகிறதாம். மணியன் என்று ஒருத்தர் ஓட்டுகிறார். ஏறப் போகிறேன்.

முருகா, அந்தப் பச்சைக் குழந்தை.

அதே நாள், சாயங்காலம்

உயிரோடு இருக்கிறார்கள். இதை முதலில் எழுதிவிட வேண்டும்.

வழியெல்லாம் மணியன் பேசிக்கொண்டே வந்தார். பூம்பாறை தாண்டியதும், "ஏந்தாயி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? துட்டி வீட்டுக்கா போறீங்க?" என்று கேட்டார். சாவு வீடா இல்லையா, எனக்கே தெரியாது என்று எப்படிச் சொல்வது? புரிந்துகொண்டவர்போல வேகத்தைக் கூட்டினார்.

மதினி வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் சாவகாசமாக வாய் கொப்பளித்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிரியாவைப் படுக்கவைத்திருந்தது விதைப்பூண்டு தொங்கும் அறையில். பூண்டுக் கட்டுகளை உத்தரத்தில் தொங்கவிட்டு, கீழே விறகைப் புகையவிடுவார்கள். வீட்டிலேயே கதகதப்பான இடம் என்பதால் பிள்ளை பெற்றவளுக்கு அந்த அறைதான் கொடுப்பார்கள். புகை வெளியேற ஓட்டுக்கு நடுவே ஒரு திறப்பு எப்போதும் இருக்கும். இப்போது அதில் சாக்கு திணித்திருந்தது. கதவிடுக்கிலும் சாக்கு.

"இதை ஏன் மதினி அடைச்சீங்க?"

"புகைதான் இல்லையே, பெறகு எதுக்கு அந்த ஓட்ட? பனிதான வருது."

புகை கண்ணை எரித்து, அந்தத் திறப்பை மூடவிடாமல்தான் இத்தனை நாளும் அவர்களைக் காப்பாற்றி வந்திருக்கிறது. நான் எழுதியதைப் படித்து, திறந்திருந்ததையும் அடைத்துவிட்டார்கள்.

பிரியா கண்ணைத் திறந்தாள். "அத்தை" என்றாள். அதற்குமேல் பேச முடியவில்லை. குழந்தை அழாமல் கிடந்தது. மதினி அதை "சமத்தா ஒறங்குது" என்றார். நான் அள்ளிக்கொண்டு வெயிலுக்கு ஓடினேன். உள்ளங்காலைச் சுண்டினேன், அசையவில்லை. மறுபடி சுண்டினேன். அப்புறம்தான் அழுதது. அந்த அழுகைக்கு நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

மதினியின் வீட்டுக்காரர் சின்னக்கருப்பன் அண்ணனுக்குக் கோபம். "புகை ஆகாதுன்னு எழுதுனதும் நீ. இப்பப் புகையில்லாததும் ஆகாதுங்கறதும் நீ. நாங்க எதத்தாம்மா நம்புறது?"

ஓட்டில் இருந்த சாக்கை முதலில் பிடுங்கச் சொன்னேன். மணியன் வண்டியிலேயே இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். முட்டைக்கோஸ் ஏற்றாமல் இரண்டு உயிருக்காக வண்டியைத் திருப்பினார் அந்த மனிதர். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். இன்னும் ஓர் இரவு தாண்டியிருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். போதும்மா என்றேன்.

டிசம்பர் 15, திங்கள்

பிரியா இட்லி சாப்பிட்டாள். குழந்தை பால் குடிக்கிறது.

தமிழ்மதிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "சுருக்கச் சொன்னது நானும்தான், தமயந்தி" என்றார். உடனே திருத்திப் போட்டுவிட்டார். மேலே சிவப்பில் 'திருத்தம்' என்று இருக்கிறது.

யார் பார்ப்பார்கள் அதை? படமாகப் போனதை யார் திருத்துவது?

டிசம்பர் 18, வியாழன்

புதிய கட்டுரையை என் கையில் இருக்கும் எல்லா எண்களுக்கும் அனுப்பினேன். பழையதுதான் இன்னும் சுற்றுகிறது. நான் எழுதியதிலேயே தெளிவானது அதுதான், அதனால்தான் இத்தனை வேகம். நன்றி சொல்லி இன்னும் செய்திகள் வருகின்றன. நீங்க என்ன நெருப்பு வச்சிருக்கீங்கன்னு ஒவ்வொருத்தரையும் கேக்கணும் போல இருக்கு. பைத்தியம்தான்.

டிசம்பர் 20, சனி

இன்று ஒரு வரிகூட எழுத முடியவில்லை. எந்தச் சொல்லைப் போட்டாலும் அதை எடுத்துக்கொண்டு யாரோ கதவைச் சாத்துகிறார்கள்.

டிசம்பர் 23, செவ்வாய்

மத்தியானம் இவர் கூப்பிட்டார். குரலே சரியில்லை. "சவாரியக் காட்டேஜ்ல எறக்கிவிட வந்தேன். நீ எழுதுன பழசு இங்க ரூம் சுவத்துல ஒட்டியிருக்கு. லேமினேசன் பண்ணி. அதுக்குக் கீழயே கரிச்சட்டி வச்சிருக்கான்."

வண்டி பிடித்துப் போனேன். காட்டேஜ்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். "நீங்கதானா மேடம் அது? ஒங்க ஆர்ட்டிக்கல் பாத்துத்தான் வெறகை நிறுத்திட்டுக் கரிக்கு மாத்துனோம். இப்பக் கெஸ்ட் யாருமே கம்ப்ளைன்ட் பண்றதில்ல."

கம்ப்ளைன்ட் பண்ணுவதற்கு யாராவது எழுந்திருக்க வேண்டுமே.

பிரியாவைப் பற்றிச் சொன்னேன். குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டியதைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. சட்டிகளை எல்லாம் அப்போதே வெளியே எடுக்கச் சொன்னார். அவர் மேசையிலேயே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினேன். 'கரி நெருப்பை அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். புகை இல்லாவிட்டாலும் அதிலிருந்து விஷவாயு வரும். கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. தூக்கத்திலேயே செத்துப்போவீர்கள்.'

அவர் வாசித்துவிட்டுத் தயங்கினார். "செத்துப்போவீர்கள்னு போட்டா கெஸ்ட் பயந்துருவாங்களே மேடம்?"

"பயப்படட்டும்" என்றேன்.

டிசம்பர் 24, புதன்

பிரியாவை நேற்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். கதவை ஒருக்களித்து வைத்துப் படுக்கிறார்களாம், சட்டி வாசலோடு சரி. மதினி போனில் சொன்னார். சின்னக்கருப்பன் அண்ணன் இன்னும் என்னோடு பேசவில்லை.

இவர் கிறிஸ்துமஸ் சவாரியை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மூன்று மணிக்கே வந்து ஹாரன் அடித்தார். நேற்று எழுதிய எச்சரிக்கையைக் கட்டுக் கட்டாக அச்சடித்திருந்த தாளையும் பசை டப்பாவையும் பின் சீட்டில் வைத்தேன்.

"வெரசா ஏறு. இருட்டுறதுக்குள்ள வில்பட்டிப் பக்கம் முடிச்சிருவோம். அங்க காட்டேஜ்ல எல்லா ரூமும் ஃபுல்லாம்."