நீங்கள் கழிக்காத அரை மணித்தியாலம்

பிரியமான அப்பா,

இன்று 2025 நவம்பர் 8, சனிக்கிழமை, காலை 9.40. முப்பத்தொன்பது. எதையும் எண்ணோடு சொன்னால்தான் நீங்கள் காது கொடுப்பீர்கள் என்பதால் எண்ணை முதலில் சொல்லிவிட்டேன். நீங்கள் கணித்துக் கொடுத்த சாதகங்களில் லக்கினமே பிழையாய்ப்போன பிள்ளைகள் முப்பத்தொன்பது பேர். அதில் ஒருத்தி உங்கள் மகள்.

நீங்கள் போய்ப் பத்து மாதம். உங்கள் கணினி உங்களுக்குப் பிறகு மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. கடலுக்கு இருநூறு மீற்றர் தூரத்தில் இருபது வருடம் ஓடிய பெட்டி, துரு தின்னாமல் என்ன செய்யும்? காலி வீதிக் கடைக்காரன் மூடியைத் திறந்தான், உள்ளே பூத்திருந்த பச்சையைப் பார்த்தான், "மேக்க இவரய் மல்லி", இது முடிந்துபோச்சு தம்பி, என்று சிங்களத்தில் சொல்லித் திரும்ப மூடிவிட்டான். நானும் விட்டிருப்பேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தப் பெட்டி தொலைந்தது நிம்மதி.

கொட்டாஞ்சேனை அன்ரி ஒருவர்தான் விடவில்லை. மூன்று தரம் படியேறி வந்தா. "அப்பா எழுதித் தந்த சாதகத்தைக் கறையான் அரிச்சிட்டுது தம்பி. மகளுக்கு ஒரு இடம் பொருந்தி வருது, இன்னொண்டு எடுத்துத் தாரும்."

"கொம்பியூட்டர் செத்துப்போச்சு அன்ரி."

"ஏன், நீர் கொம்பியூட்டர் படிச்ச பிள்ளைதானே? ஆக்கள் செத்தால்தான் ஒண்டும் செய்யேலாது."

சரி என்று ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி என் லப்டொப்பில் பொருத்தினேன். அதிலிருந்த முழுவதையும் ஒரே கோப்பாகப் பிரதி எடுத்தேன். உங்கள் இருபது வருடம், அப்பா, என் போனில் கிடக்கும் ஒரு கலியாண வீடியோவைவிடச் சிறிது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். நீங்கள் இருந்திருந்தால் "எனக்கு உதெல்லாம் விளங்காது" என்று கையை ஆட்டியிருப்பீர்கள். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓடவைக்கும் மென்பொருள் இருக்கிறது, இலவசம், யாரும் இறக்கிக்கொள்ளலாம். என் லப்டொப்பில் ஓடுவது லினக்ஸ். அதற்குள் ஒரு ஜன்னல் திறந்து, அந்த ஜன்னலுக்குள் உங்கள் விண்டோஸ் 98. உள்ளே இருப்பதற்குத் தான் இன்னொன்றின் வயிற்றுக்குள் இருப்பது தெரியாது. தனக்கென்று ஒரு பெட்டி இருப்பதாகவே நினைத்துக்கொண்டு வேலை செய்யும்.

தொடங்கும்போது அந்தப் பழைய சத்தம் வந்தது. அம்மா குசினியிலிருந்து கையில் மாவோடு ஓடிவந்து, திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் இவ்வளவு சின்னனாக் கிடக்கு?" என்றா.

"பெட்டிக்குள்ள பெட்டி அம்மா."

"அந்த மனுசனைப் பெட்டிக்குள்ள வைச்சது காணாதெண்டு அவற்ற கொம்பியூட்டரையும் வைச்சிட்டியே?"

சிரித்தோம். பத்து மாதத்தில் இந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான். தங்கச்சி அபியும் சிரித்தாள்.

அன்ரியின் மகளுடைய சாதகத்தைத் திறந்தபோது, மூலையில் ஒரு சின்னக் கட்டம் கண்ணில் பட்டது. கிரீன்விச்சிலிருந்து நேர வித்தியாசம் 5.30. பிள்ளை பிறந்தது இரண்டாயிரமாம் ஆண்டில்.

உங்களுக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை. மின்சாரம் மிச்சம் பிடிக்கவென்று 1996-இல் நாட்டின் கடிகாரத்தை முன்னே தள்ளினார்கள். சில மாதத்தில் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார்கள். பிறகு 2006 சித்திரை வரை அரை மணித்தியாலம் முந்தியே, ஐந்தரைக்குப் பதில் ஆறில், ஓடவிட்டார்கள். "பழைய நேரமோ புதிய நேரமோ?" என்று கேட்காமல் அந்த நாளில் யாரும் ஒரு முகூர்த்தம் வைத்ததில்லை. போன வருடம் அலுவலகத்தில் பழைய பதிவுகளை மாற்றும்போது இதே அரை மணித்தியாலம் வழுக்கியது. மூன்று நாள் தேடிப் பிடித்தவன் நான். ஆகவே கட்டத்தைப் பார்த்ததும் பிழை எங்கே என்று விளங்கிவிட்டது.

நீங்கள் உயிரோடு இருந்தபோது, நீங்கள் சொல்லாமல் யாரும் உங்கள் கணினியைத் தொடமுடியாது. சுட்டியை ஒரு அங்குலம் நகர்த்தினாலும் கத்துவீர்கள். இப்போது வேண்டியமட்டும் தொட்டேன். அந்த மென்பொருளில் ஸ்னாப்ஷொட் என்று ஒரு வசதி இருக்கிறது. இந்தக் கணத்தில் கணினி எப்படி இருக்கிறதோ அப்படியே பிடித்து வைத்துவிடலாம், பிறகு உள்ளே எதை உடைத்தாலும் ஒரு சொடுக்கில் அந்தக் கணத்துக்குத் திரும்பிவிடும். நான் உடைத்தேன். விண்டோஸின் கடிகாரத்தை டாக்கா ஆக்கினேன், லண்டன் ஆக்கினேன். லக்கினம் அசையவில்லை. சென்னையில் யாரோ எழுதிய அந்தச் சாதகப் புரோகிராம் விண்டோஸின் கடிகாரத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கொழும்பு என்றால் ஐந்தரை, எந்த வருடமானாலும் ஐந்தரை. எழுதியவனுக்கு நம் நாட்டுக் கூத்து எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரியும். பிறந்த நேரத்திலிருந்து அரை மணித்தியாலத்தைக் கழித்துவிட்டு அடித்திருக்கவேண்டும். நீங்கள் கழிக்கவில்லை.

பிறகு அபியின் சாதகம். 23.03.1999, செவ்வாய்க்கிழமை, காலை 6.05. உங்கள் கணக்கில் மீன லக்கினம், எட்டில் செவ்வாய். 5.35 என்று மாற்றி அடித்தேன். கும்ப லக்கினம். செவ்வாய் ஒன்பதில் போய்ச் சும்மா உட்கார்ந்துகொண்டது. நீங்கள் லக்கினத்திலிருந்து மட்டும் எண்ணுகிற ஆள், ஆகவே உங்கள் சாத்திரப்படியே அவளுக்குச் செவ்வாய்க் குற்றம் இல்லை.

அம்மாவிடம் காரணம் ஒன்றும் சொல்லாமல் கேட்டேன், அபி பிறக்கும்போது விடிந்திருந்ததா என்று.

"எங்க விடிஞ்சது? கும்மிருட்டு. லைட் போட்டுத்தான் கிடந்தது. பிள்ளையைத் துடைச்சு என்ர கையில தந்தாப் பிறகுதான் ஜன்னல் வெளுத்தது."

உங்கள் கணக்கு சரியென்றால் அந்த அறைக்குள் வெளிச்சம் வந்திருக்கவேண்டும் அப்பா. அதற்குப் பிறகும் இருபத்தைந்து வருடம் பக்கத்தில் படுத்த பெண்ணிடம் ஒரு தரம் கேட்கத் தோன்றவில்லையா?

நான் சாத்திரத்தை நம்புவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு மீனமும் பொய், கும்பமும் பொய். பிழையான லக்கினத்தோடு நீங்கள் சேர்த்துவைத்த ஜிந்துப்பிட்டிச் சோடி ஒன்று இரண்டு பிள்ளைகளோடு சந்தோசமாக இருக்கிறது. உங்கள் வித்தைக்கு அதைவிட அவமானம் இல்லை. ஆனால் அபி நம்புகிறவள். தான் தொட்டவன் சாவான் என்று மூன்று வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். அபியோடு வேலை செய்த நிரோவின் தாய் பெண் கேட்டு வந்திருந்தா. "பிள்ளையள் விரும்பிற்றுதுகள் அண்ணை. நாங்கள் குறிப்பெல்லாம் பெரிசாப் பாக்கிறேல்லை" என்றா. அபியின் கையைப் பிடித்தபடிதான் சொன்னா.

"நான் பாக்கிறனான்" என்றீர்கள். பிறகு அபியைப் பார்த்து, "பிள்ளை, உன்ர சாதகத்தைப் பிரிண்ட் எடு" என்றீர்கள். அவளே அடித்தாள். உங்கள் பழைய பிரிண்டர் கறகறவென்று ஒவ்வொரு வரியாகத் துப்பி முடியும்வரை எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். தாளைக் கிழித்து அவளே கொண்டுவந்து தந்தாள்.

"எட்டில செவ்வாய். என்ர மகள் எண்டதுக்காக மறைச்சுக் குடுத்தால், உங்கட மகன்ர உயிருக்கு ஆர் பொறுப்பு?"

உங்கள் நேர்மையில் உங்களுக்கு எவ்வளவு பெருமை! நிரோவின் தாய் வாசலில் செருப்பைப் போடும்போது அபியைத் திரும்பிப் பார்த்தா. கோபமாக இல்லை, பயத்தோடு. அரை மணித்தியாலம் முன்பு கையைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்.

பிறகு தோஷத்துக்குத் தோஷம் என்று தேடினீர்கள். சுவிஸில் ஒரு மனிதர் அகப்பட்டார், வயது நாற்பத்தொன்று. எட்டில் செவ்வாய் இருக்கிறது என்பதைத் தவிர அவரிடம் வேறு ஒரு தகுதியும் எனக்குத் தெரியவில்லை. முதல்தரம் வீடியோவில் வந்தபோது அபியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "உம்மட நிறை எவ்வளவு?" நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் முதலாம் வருட ஆட்டைத் திவசம் முடிந்த கையோடு, தை கடைசியில் கலியாணம். கலியாண ஹோலும் எடுத்தாயிற்று.

இரண்டு கிழமைக்கு முன் அபிக்குச் சொன்னேன். லப்டொப்பைத் திருப்பி, 6.05-ஐயும் 5.35-ஐயும் மாற்றி மாற்றி அடித்துக் காட்டினேன். அவள் அழவில்லை.

"அண்ணா, நிரோவின்ர பிள்ளைக்கு இப்ப எத்தின மாசம்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"ஏழு. கல்கிசையில இருக்கினம். பல்லு முளைக்குதாம்." திரையைத் தன் பக்கம் இழுத்தாள். "ஒரு அரை மணித்தியாலம் கழிக்கத் தெரியாமலே அந்த மனுசன் சாத்திரம் பாத்தது?"

அதற்குப் பிறகு அவள் உங்களை அப்பா என்று சொன்னதில்லை. அந்த மனுசன்தான். அம்மாவோடு ஒவ்வொரு நாளும் சண்டை. "சுவிஸுக்கு வேண்டாம் எண்டு சொல்லுங்கோ" என்கிறாள் அவள். "செத்த மனுசன்ர கணக்கைப் பிழையெண்டு சொல்லி ஊர் சிரிக்க விடமாட்டன்" என்கிறா அம்மா. அபி கேட்டாள், "அப்ப அந்தாளின்ர பேருக்காக நான் போய் அந்தக் கிழவனோட படுக்கவோ?" அம்மா அறைந்துவிட்டா. நான் நடுவில் நின்று அபியின் பக்கம் பேசினேன். உங்களைப் பற்றி நான் சொன்னவற்றை இங்கே எழுதமாட்டேன். நன்றாகவே சொன்னேன், ரசித்துச் சொன்னேன்.

இதற்கிடையில் வேலை முடிந்துவந்து ஒவ்வொரு பின்னேரமும் அந்த ஜன்னலைத் திறந்து, மாறிய நேரத்தில் பிறந்த நூற்று நாற்பத்தெட்டுப் பேரையும் ஒவ்வொருவராகக் கணித்துப் பார்த்தேன். அதில்தான் முப்பத்தொன்பது. கடைசி ஆள் இன்று காலை எட்டு மணிக்கு முடிந்தது. பிழைபட்டவற்றைப் புதிதாக அச்சிடலாம் என்று அபியின் கோப்பிலிருந்து தொடங்கினேன். அப்போதுதான், இதுவரை அழுத்திப் பார்க்காத ‘குறிப்பு’ என்ற பொத்தானை அழுத்தினேன்.

நிரோவின் தாய் வந்த ஞாயிறுக்கு முதல்நாள் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: "பிறந்தபோது கையால் எழுதுவித்த கொப்பியில் கும்ப லக்கினம். கொம்பியூட்டரில் மீனம். நேர மாற்றம் இதில் கணக்கெடுக்கப்படுகிறதா என மகனிடம் கேட்டேன். பார்த்துச் சரி என்றான். மீனமே முடிவு."

எனக்கு நினைவு வந்தது. உடனே, முழுதாக. காதில் ஹெட்செட்டோடு, வீட்டில் என் அறையிலிருந்தே அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். நீங்கள் கதவில் நின்று, "தம்பி, ஒருக்கா வந்து பார். இது நேரம் மாத்தினதைக் கழிக்குதோ எண்டு எனக்கு ஐமிச்சமாக் கிடக்கு" என்றீர்கள். இரண்டாம் தரமும் கேட்டீர்கள். எழும்பி வந்தேன். திரை மூலையில் இருந்த விண்டோஸ் கடிகாரத்தை மட்டும் சொடுக்கினேன், கொழும்பு +6.00 என்று காட்டியது. "கழிக்குது அப்பா. என்னைக் கரைச்சல் படுத்தாதேங்கோ" என்று திரும்பிவிட்டேன். பதினைந்து செக்கன் இருக்குமா? நாடு ஐந்தரைக்குத் திரும்பிப் பதினாறு வருடமாகியும் ஆறு காட்டிய கடிகாரம் அது. படித்தவன் எவனுக்கும் அந்த இடத்திலேயே சந்தேகம் வந்திருக்கவேண்டும். உங்களுக்கு வந்தது. எனக்கு வரவில்லை.

இன்னும் இருக்கிறது. அந்த வரியை அழித்தேன். ஆம், இன்று காலை எட்டரைக்கு. அழித்து, சேமித்து, மூடினேன். இனி உலகத்தில் யாருக்கும் தெரியாது. பிழை முழுக்க உங்கள் தலையில் கிடக்கும், நீங்கள் மறுத்துப் பேசவும் வரமாட்டீர்கள். ஒரு கோப்பி போட்டுக் குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஸ்னாப்ஷொட்டுக்குத் திரும்பினேன். உங்கள் வரி அப்படியே வந்து நின்றது. ஏன் திருப்பிக் கொண்டுவந்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. நல்லவன் என்பதால் இல்லை, அது மட்டும் தெரியும்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். மூன்று வருடம் அவளைச் சாகடித்ததில் உங்களுக்கும் பங்கு உண்டு. கும்பம் என்று ஒரு மனிதன் கையால் கணித்து எழுதிய கொப்பியைத் தள்ளிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காத என் வாயை நம்பினீர்கள். ஏன் அப்பா, மூன்றாம் தரமும் கேட்டிருக்கக்கூடாதா?

அபிக்குச் சனிக்கிழமை அரைநாள். ஒரு மணிக்கு வந்துவிடுவாள். இனி நான் செய்யப்போவது:

1. அவள் கையைக் கழுவிவிட்டு வந்து இருந்ததும் அந்தக் குறிப்பைத் திறந்து, நானே வாய்விட்டு வாசித்துக் காட்டுவேன். "மகனிடம்" என்ற இடத்தில் என் பெயரைச் சொல்லி வாசிப்பேன்.

2. அவள் முன்னிலையிலேயே சுவிஸுக்குப் போன் எடுப்பேன். கிரகங்களைப் பற்றிக் கதைக்கமாட்டேன். "என்ர தங்கச்சிக்கு உங்களைப் பிடிக்கேல்லை" என்று அவரிடம் சொல்வேன். ஹோல்காரனுக்கும் அம்மாவுக்கும் அதே பதில்.

3. மற்ற முப்பத்தெட்டு வீட்டுக்கும் நேரில் போவேன், கொட்டாஞ்சேனையிலிருந்து தொடங்கி. போனில் சொல்லமாட்டேன். "அப்பா கேட்டவர், நான்தான் பார்க்காமல் சொன்னனான்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்வேன். நான் பார்த்திருந்தால், முன்பு கொடுத்தவற்றையும் நீங்கள் அன்றைக்கே திருத்தியிருப்பீர்கள். செருப்பால் அடித்தாலும் அடுத்த வாசலுக்குப் போவேன்.

4. அதன் பிறகு அபி உங்களை அப்பா என்று கூப்பிடுவாள் என நினைக்கிறேன். என்னை என்னவென்று கூப்பிடுவாள் என்பதை அவளிடமே விடுவேன்.

உங்கள் மகன்,
ஒரு மணி வரைக்கும் அபியின் அண்ணன்.