மூன்றாவது ரிசீவர்

இதை யாருக்கும் காட்டிவிடாதே. உன்னால் இனி யாருக்கும் எதையும் காட்ட முடியாது என்று தெரியும். இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன். உன் அப்பாவுக்கு மட்டுமாவது காட்டாதே.

அம்மா தூங்குகிறாள். நான் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மடியில் நாம் செய்த மூன்றாவது ரிசீவர் இருக்கிறது. மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குப் போகும் முன் ஒயர்களைப் பார்த்துவை என்று சயின்ஸ் மிஸ் ரிசீவர் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டார். வாய் வைத்துப் பேசும் துளைகளில் இன்னும் உன் தைல வாசனை அடிக்கிறது. எடுத்துக் காதில் வைத்தால் நீ கேட்கிறாய், "என்ன ஆச்சு?" பிறகு பத்து விநாடி காத்திருக்கிறாய். "எங்க இருக்கீங்க?" மறுபடியும் பத்து விநாடி. இந்த ராத்திரியில் மட்டும் நான்கு முறை எடுத்தேன். நான்கு முறையும் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

முதலில் நான் ஒரு சார்ட்தான் வரைந்திருந்தேன், நினைவிருக்கிறதா? தொலைபேசியில் என்னென்ன சேவைகள் இருக்கின்றன என்று கலர் கலராக எழுதியிருந்தேன். நீ ஒரு முறை பார்த்துவிட்டுச் சுருட்டி என் கையிலேயே கொடுத்தாய். "கண்காட்சிக்கு வர்றவங்க படிக்கவாடி வர்றாங்க? கைல எடுக்கணும், காதுல வைக்கணும், அது நம்மள எதாவது கேக்கணும்." அதற்குப் பிறகுதான் பழைய சாமான் கடையில் மூன்று ரிசீவர்கள் வாங்கினோம். முதலாவதை எடுத்தால் கேஸ் சிலிண்டர் பதிவு செய்யலாம். இரண்டாவதில் வருகிற அழைப்பை வேறு எண்ணுக்கு மாற்றிவிடலாம். மூன்றாவது ஆம்புலன்ஸ். அதற்கு உன் குரல்.

பள்ளியில் வைப்பதற்கு முன் தெருவில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று நீதான் சொன்னாய். பூக்காரம்மா எடுத்தார். உன் குரல் "என்ன ஆச்சு?" என்றது. "ஒண்ணும் ஆவல கண்ணு, நீ நல்லாக்கீறியா?" என்று அவர் குசலம் விசாரித்தார். பைக் மெக்கானிக் அண்ணன் "எங்க இருக்கீங்க?" என்ற கேள்விக்கு "இங்கதான்" என்றார். நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். சிரித்ததில் இருமல் வந்து இன்ஹேலரைத் தேடினாய்.

மற்ற எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். கோயிலாண்ட.

"இந்த ஊர்ல கோயிலாண்ட இல்லாத வீடு எதுடி?" என்று கேட்டாய். எந்தக் கோயில், எந்தத் தெரு என்று இன்னொரு கேள்வியைப் பதிய வேண்டும் என்றாய். குரலைப் பதிகிற வாய்ஸ் போர்டில் இடம் இல்லை. கேள்விகளுக்கு இடையே விட்ட பத்து விநாடியை ஐந்தாக்கினால் இடம் கிடைக்கும் என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "பதறிக்கினு இருக்கறவங்களுக்கு வாய் வர நேரம் ஆவும்டி. அத மட்டும் கொறைக்காத." அப்படியானால் புதுக் கேள்வி வேண்டாம், கோயிலைச் சொன்னால் யாருக்குத்தான் தெரியாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். நீ விட்டுக்கொடுத்தாய். என்னோடு சண்டை போட்டால் எப்போதும் நீதான் விட்டுக்கொடுப்பாய்.

அந்தச் சாயங்காலத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இவ்வளவு நேரமாக வேறு எதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். உனக்கு இழுப்பு வந்தது. இன்ஹேலரை அழுத்தினாய், காலி. உன் உதடு நிறம் மாறியதைப் பார்த்து உன் அம்மா வீட்டில் வைத்துவிட்டுப் போன போனிலிருந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் ஒரு அக்கா நிதானமாகக் கேட்டார். நாம் எழுதிவைத்த அதே கேள்விகள். எங்கே இருக்கிறீர்கள் என்றதும், "பெருமாள் கோயில் பின்னாடி, சீக்கிரம் வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவர் இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் வைத்துவிட்டேன்.

நமக்குப் பெருமாள் என்றால் நம் தெருவுக்கு முன்னால் நிற்கிற உலகளந்தார்தான். ஊருக்குப் பெருமாள் கோயில் என்றால் அந்தக் கோடியில் இருக்கிற சின்ன காஞ்சிபுரத்து வரதர். வண்டி அங்கே போய்விட்டது. டிரைவர் போன் செய்தார். "கோயில் பின்னாடிதான் நிக்கிறேன் பாப்பா, நீ எங்க கீற?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது முகூர்த்த மாதம். புடவை எடுக்க வந்த கார்கள் காந்தி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. அதைத் தாண்டித்தான் அவர் திரும்பி வரவேண்டும்.

வந்ததும் ஸ்ட்ரெச்சரை இறக்கக்கூட நிற்கவில்லை. சந்துக்குள் ஓடிவந்து உன்னைக் கையிலேயே தூக்கிக்கொண்டு போனார். வண்டியில் ஏற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார். "எந்தக் கோயில்னு சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்தார். மீதியைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது.

வழியிலேயே நீ போய்விட்டாய். வண்டி ஏன் லேட்டு என்று எல்லோரும் கேட்டார்கள். தெரியவில்லை என்றேன். இரண்டாவது முறை கேட்டபோதும் அதையே சொன்னேன். மூன்றாவது முறை அது தானாகவே வந்தது.

நேற்று சாயங்காலம் உன் அப்பா வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். கையில் ஒரு மனு. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுக்கப் போகிறாராம். டிரைவரின் அலட்சியத்தால்தான் மகள் இறந்தாள், அவரை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அடியில் சாட்சி என்று போட்டு என் பெயரை எழுதியிருக்கிறார். "நீதானம்மா போன் பண்ண? ஒரு கையெழுத்து போட்டு வை. காலைல வாலாஜாபாத் மில்லுக்குப் போறப்ப வந்து வாங்கிக்கிறேன்." அம்மா உடனே, "போடுவா அண்ணே, போடாம என்ன?" என்றாள். அவர் காபியைக் குடிக்காமலே போனார்.

சொன்னால் உன் அப்பா என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும். உங்கள் வீட்டில் இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறேன். உன் அம்மா எனக்கும் சேர்த்துத்தான் தலை பின்னிவிடுவார். சொல்லாவிட்டால் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய மனிதருக்கு வேலை போய்விடும். அவருக்கும் வீட்டில் யாராவது இருப்பார்கள். வண்டி முன்னாலேயே வந்திருந்தாலும் நீ பிழைத்திருப்பாய் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

இப்போதெல்லாம் யார் எதைக் கேட்டாலும் எனக்குள் பத்து விநாடி ஓடுகிறது. வகுப்பில் வருகைக்குப் பெயர் கூப்பிட்டாலும், கடையில் என்ன வேண்டும் என்றாலும் ஓடுகிறது. பதறுகிறவர்களுக்கு வாய் வர நேரம் ஆகும் என்று நீ விட்ட இடம் அது. எனக்கு அது இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

மனுவை விரித்து வைத்திருக்கிறேன். சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போடவில்லை. அதற்குக் கீழே எழுதிவிட்டேன்: "வண்டியைக் கூப்பிட்டது நான். எந்தப் பெருமாள் கோயில் என்று நான் சொல்லவில்லை. தெருப் பெயரும் சொல்லவில்லை. அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டேன். டிரைவர் மேல் தப்பு இல்லை." இதன் அடியில்தான் என் கையெழுத்து. பேனாவால் எழுதியிருக்கிறேன், இனி அழிக்க முடியாது.

கதவைத் தட்டுகிறார்கள். இன்னும் சரியாக விடியக்கூட இல்லை. உன் அப்பா குரல். "பாப்பா, எழுந்திட்டியாம்மா?" என்கிறார். அம்மா புரண்டு படுக்கிறாள். நான் மனுவை எடுத்துக்கொண்டு போய்