நாற்பத்தெட்டு வயது நுரையீரல்

பதிவு 1. நிலவு, தென்துருவச் சுரங்க முகாம். காலை 7.10
எழுதுபவர் மருத்துவர் ஜெபமலர். நேற்று காற்று வடிகட்டி வெடித்தது. உள்ளே புகுந்த நிலவுத் தூசி இரண்டு பேரின் நுரையீரலைக் கிழித்துவிட்டது: முகாம் தலைவர் வைரவன், வயது 48, துளையிடும் தொழிலாளி இருளப்பன், வயது 27. நுரையீரலைச் சீராக்கும் மருந்து ஒரே ஊசிதான் மிச்சம். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் போடக் கூடாது, நுரையீரல் தழும்பாகிவிடும். ஆக்சிஜன் கொடுத்தால் போதும், இருளப்பனின் இளம் நுரையீரல் தானே ஆறிவிடும். எனவே ஊசியைத் தலைவருக்குப் போட்டேன்.

பதிவு 2. மாலை 4.30
தலைவருக்கு மோசம். பழுதுபார்க்கக் கிளம்பிய செல்கள் பாதியில் நின்றுவிட்டன. புதுத் திசு வளர வேண்டிய இடமெல்லாம் தழும்பு. இது கிழட்டு நுரையீரலின் வேலை. தன் அறையில் படுத்திருந்தவரைப் பேசியில் அழைத்துக் கேட்டேன்.
"நெசத்துல அம்பத்தி நாலு, டாக்டரம்மா. வேலைக்கு வயசு தாண்டிரக் கூடாதுன்னு எங்கய்யா பள்ளிக்கூடத்துலயே கொறச்சுப் போட்டுட்டாரு."
கோபத்தில் மேசையை உதைத்தேன். மீட்புக் கலம் வர நான்கு நாள். ஆக்சிஜன் ஒருவருக்குத்தான் காணும். அது இருளப்பனுக்கு என்று அவரிடமே சொல்லித் தொலைத்தேன்.

பதிவு 3. மாலை 5.15
தலைவர் துளைக் கம்பியோடு வார்டுக்குள் வந்தார். இருளப்பனின் வாயில் ஓங்கி அடித்து ஆக்சிஜன் முகமூடியைப் பிடுங்கினார். தரையெல்லாம் பல்லும் ரத்தமும். கம்பியைப் பறித்து அவர் முழங்காலில் போட்டேன். எலும்பு முறிந்தது. அடுத்த அடி மண்டையில். காலைப் பிடித்து இழுத்து, தூசி மிதக்கும் தாழ்வாரத்தில் போட்டுக் கதவைத் தாழிட்டேன். அடிக்கும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

பதிவு 4. மாலை 6.00
தாழ்வாரப் பேசியிலிருந்து:
"மூச்சு முட்டுது டாக்டரம்மா. கொஞ்சம் தொறங்க."
பேசியை அணைத்தேன். கதவைத் தட்ட ஆரம்பித்தார்.

பதிவு 5. மறுநாள் காலை
ஸ்கேனில் இருளப்பனுக்குப் புதுத் திசு தெரிகிறது. அழுதுவிட்டேன். வெளியே தட்டுவது இன்னும் நிற்கவில்லை.

பதிவு 6. நேரம் பார்க்கவில்லை. குரலில் பதிகிறேன்
இருளப்பன், முகமூடி ஒலிவாங்கியில்:
"அடிச்சாலும் மனுசன்தான டாக்டரம்மா. மாஸ்க்க மாத்தி மாத்தி வச்சுக்குவோம்."
பகிர்ந்தால் இருவருமே செத்துப்போவார்கள் என்றேன். கேட்கவில்லை. எழுந்துவிட்டான். நடக்கிறான். தாழ்வாரக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டான்.
கம்பி என்னிடம் இருக்கிறது. அவன் காலில் மட்டும் போட்டால் போதும். மெதுவாகத்தான், மெதுவாக ஒரே ஒரு