மூன்றாமாண்டு மௌனம்

பிப்ரவரி 3

பிரெஞ்சுத் துறை என்னும் மலையை ஒற்றைத் தோளில் தாங்கும் மகாவீரனாகிய நான், இன்று முழுக்க ஒலிப்பதிவு அறையில் சிறையிருந்தேன். மூன்றாமாண்டுப் பிள்ளைகள் சேர்ந்த புதிதில் பேசியதையும் இப்போது பேசுவதையும் கேட்டு ஒப்பிட வேண்டுமாம். துறைத்தலைவியின் ஆணை. கேள்வி அன்றும் இன்றும் ஒன்றுதான்: உன் வீட்டைப் பற்றிச் சொல்.

முதலாண்டில் ஒருவன் தன் வீட்டு நாயைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுகிறான். அத்தனையும் பிழை. இப்போது அவனே, "எங்கள் வீட்டில் ஒரு நாய் உண்டு" என்கிறான். பிழையே இல்லை. அப்புறம் ஒரு மௌனம். அதற்குள் ஒரு சாம்ராஜ்யம் எழும்பி விழுந்திருக்கும்.

மூன்றாமாண்டில் இலக்கணம், கட்டுரை, மாதிரித் தேர்வு. பேச எங்கே நேரம்?

பிப்ரவரி 4

இறங்குமுகம். இன்னும் இறங்குமுகம். டீ ஆறிப்போச்சு.

பிப்ரவரி 5

ஒரே ஒரு ஏறுமுகம். என் அக்கா மகள் வாயாடி. சொந்தக்காரி என்பதால் துறைத்தலைவியே கேட்டு மதிப்பெண் போட்டார். வீட்டைப் பற்றிக் கேட்டால், "காலை உணவு ஏழு மணியிலிருந்து. துண்டு வேண்டுமானால் கூப்பிடுங்கள்" என்று பிரெஞ்சில் பொழிகிறாள். துறைத்தலைவி சிரித்துவிட்டார். கட்டடத்துக்கு விரிசல் விழாதது அதிசயம்.

கூப்பிட்டு விசாரித்தார். "எங்கேம்மா கத்துக்கிட்ட?"

"ஹோட்டல் வரவேற்புல காலை ஷிஃப்ட் பாக்குறேன் மேடம். வெந்நீர் வரலைன்னு சண்டைக்கு வர்றவங்கதான் என் வாத்தியாருங்க."

காலை ஷிஃப்ட். என் வகுப்பும் காலையில்தான். வருகைப் பதிவேட்டை எடுத்து அவள் வராத நாட்களை எண்ணினேன்.

பிப்ரவரி 11

பயந்ததுதான். வருகை குறைவு, இறுதித் தேர்வு எழுத முடியாது. பட்டம் கிடைத்தால் வெளிநாட்டுக் கிளைக்கு அனுப்புவதாக ஹோட்டல் மேலாளர் அவளிடம் சொல்லியிருந்தார்.

போனில் அக்கா: "நீ வாத்தியாரா இருந்து என்னடா பிரயோஜனம்? வந்தாள்னு ரெண்டு கோடு போட்டா தேஞ்சா போயிடுவ?"

போட்டுடலாம். போட்டுட்டு மத்த பிள்ளைங்க மூஞ்சில எப்படி முழிக்க?

பிப்ரவரி 14

போடவில்லை. துறைத்தலைவியிடம் காலில் விழாத குறையாக வாதாடினேன். அவரும் பதிவாளருக்கு எழுதிப் பார்த்தார். ஒரே வரியில் மறுப்பு.

"எனக்குப் புரியுது சார். விதிக்குப் புரியாதே" என்றார்.

மூன்றாமாண்டை மறுபடி படிக்க வேண்டும். வாயாடியிடம் சொன்னேன். "விடுங்க மாமா. வேலையை விட்டுடறேன்" என்றாள். ஏழு கண்டங்களையும் வாயால் வென்ற நான் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஜூலை 8

முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வகுப்பு முடிந்ததும், கொட்டாவி விடும் வாடிக்கையாளர் ஒருவரைப் போலப் பிரெஞ்சில் பேசிக் காட்டினாள். நடைபாதையில் விழுந்து விழுந்து சிரித்தோம்.

செப்டம்பர் 19

வெளிநாட்டுக் கிளைக்கு வேறு ஆள் போயாச்சாம். வாயாடி சொல்லவில்லை, அக்கா சொன்னாள்.

நவம்பர் 20

இந்தப் பருவத்தில் அவள் ஒரு வகுப்பையும் தவறவிடவில்லை. கட்டுரையில் திருத்த எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. துறைத்தலைவிக்குப் பரம சந்தோஷம்.

மாலை பஸ் நிறுத்தம் வரை சேர்ந்து நடந்தோம். மழை வரும்போலிருக்கே என்று பிரெஞ்சில் சும்மா கேட்டு வைத்தேன். நின்றாள். உதடு அசைந்தது, மனதுக்குள் வாக்கியத்தைத் திருத்துகிறாள் போல. பஸ் வந்துவிட்டது.

"தமிழ்லயே பேசுங்க மாமா" என்றாள். "களைப்பா இருக்கு."